சின்னவளைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய், மருத்துவரான எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது முப்பத்திரண்டு. கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சாலை விபத்தில் இறந்துவிட்டார். விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போய், ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறார்; அதன் பிறகு கிடைக்கிற கூலி வேலைக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள். பெரியவளுக்குப் பதிமூன்று வயது, அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அடுத்தவன் ஏழு வயதுப் பையன். மகளிர் குழுவில் கடன் வாங்கி அவனைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்க வைக்கிறார். சின்னவளுக்கு இரண்டரை வயது. எடை ஒன்பது கிலோ இருநூறு கிராம். "எங்கள் வீட்டில் எல்லோருமே ஒல்லிதான்" என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

காலையில் சோறு வடிப்பது, தம்பியை வேனில் ஏற்றிவிடுவது எல்லாம் பெரியவள் பொறுப்பு. பகலில் சின்னவள் கண் சரியாகத் தெரியாத பாட்டியிடம் இருக்கிறாள். அதனால் மதிய இடைவேளையில் அக்காள் வீட்டுக்கு ஓடிவந்து தங்கைக்கு ஊட்டிவிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்பி ஓடுகிறாள். வகுப்பில் தூங்குகிறாள், கணக்கு ஏறவே இல்லை என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வந்திருக்கிறார். எட்டாவது முடிந்ததும் பெண்ணை மில்லுக்கு அனுப்பினால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், பத்தாயிரம் ரூபாய் முன்பணம், வயதைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றாராம்.

தாயின் கேள்வி இதுதான்: "படிப்பு ஏறாத பெண்ணை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் மற்ற இரண்டு பேருக்கும் நல்ல சாப்பாடு போடுவதுதானே நியாயம்? சின்னவளுக்கு எடை ஏற ஒரு நல்ல டானிக் எழுதிக் கொடுங்கள்."

அம்மா, முதலில் டானிக் விஷயத்தை முடித்துவிடுகிறேன். எழுதித் தரப்போவதில்லை. எடை ஏற்றும் டானிக் என்று கடைகளில் விற்பவற்றில் உங்கள் குழந்தைக்குத் தேவையானது எதுவும் இல்லை. மற்றக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரியவளின் படிப்பு, சின்னவளின் எடை, கடன் என்று மூன்று பிரச்சினைகளாக நீங்கள் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. சின்னவளைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு வழி இல்லாததால், பெரியவளின் தூக்கம், மதியச் சாப்பாடு, படிப்பு மூன்றும் போகின்றன. அவள் மதியம் வீட்டுக்கு ஓடிவரும் நாளெல்லாம் பள்ளியில் அவளுக்கு வைத்திருக்கும் சத்துணவும் முட்டையும் யாருக்கும் இல்லாமல் போகின்றன. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் வீட்டுக்குப் பணம் வரும் என்று கணக்குப் போடுகிறீர்கள். தினமும் ஒரு வேளைச் சாப்பாடும் வாரம் ஒரு சத்து மாத்திரையும் நின்றுபோவதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அங்கன்வாடியை ஏன் தவிர்க்கிறீர்கள்?

அங்கன்வாடியில் விட்டால் சளி பிடிக்கும், அங்கே கொடுக்கும் சத்துமாவை ஆட்டுக்குத்தான் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடு நன்றாக இருக்கும், சந்தேகமில்லை. அந்த மாவு உங்கள் குழந்தைக்கு வந்தது. வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் எந்தக் குழந்தையும் துப்பத்தான் செய்யும். கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, பொடித்த வேர்க்கடலையும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். உருண்டை பிடித்தும் தரலாம்.

தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்கிறார்கள். மதியம் சூடான சாப்பாடும் முட்டையும் உண்டு. ஒன்பது மணிக்கு நீங்கள் திரும்பியதும் நீங்களே கொண்டுபோய் விடலாம். மாலையில் அக்காள் வரும்வரை உள்ள கொஞ்ச நேரத்துக்குப் பாட்டி போதும். சளி பிடிக்குமா என்றால், முதல் சில மாதங்கள் பிடிக்கும். நாலு பிள்ளைகள் கூடும் இடத்தில் அது இயல்பு. தடுப்பூசிகளைச் சரியாகப் போட்டிருந்தால் அதற்குப் பயந்து வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

எடைக்கு வருகிறேன். இரண்டரை வயதுப் பெண் குழந்தை சராசரியாகப் பன்னிரண்டரை கிலோ இருக்கும். பத்துக்குக் கீழே போனாலே நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். பரம்பரை ஒல்லி என்று இதை விட்டுவிட முடியாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் முப்பத்தைந்துக்கு மேல். தலைமுறை தலைமுறையாகப் போதாத சாப்பாடு இருந்த வீடுகளில் ஒல்லிதான் இயல்பு போலத் தோன்றும். நல்ல சாப்பாடு கிடைத்த பிறகு அதே வீட்டுப் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

அங்கன்வாடிப் பணியாளரிடம் குழந்தையின் மேல்கையை அளக்கும் நாடா இருக்கும். சுற்றளவு பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். பதினொன்றரைக்குக் குறைந்தால் அது கடுமையான குறைபாடு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு பாதங்களும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலும் அப்படித்தான். நாடா என்ன காட்டினாலும் காத்திருக்காதீர்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற திட்டம் 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. உங்கள் குழந்தை அதில் வருவாளா என்று பணியாளரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. சின்னக் குழந்தையின் வயிறு சிறியது. மூன்று வேளை தட்டு நிறையப் போட்டாலும் அவளால் தின்ன முடியாது; ஐந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ரசம் சோறு வயிற்றை நிரப்பும், சத்து தராது. ரேஷனில் வாங்கும் துவரம்பருப்பைக் கெட்டியாக வேகவைத்து, சோற்றில் பிசைந்து, மேலே எண்ணெய் விட்டு ஊட்டுங்கள். குழந்தைக்கு எண்ணெய் ஆகாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். எடை ஏறாத குழந்தைக்கு அதுதான் முதலில் வேண்டும்.

இந்த இடத்தில் ஜமைக்கா நாட்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 சின்னக் குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குப் பால்மாவு மட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, வீட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்து எப்படி விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். இன்னும் சிலருக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. அந்தக் குழந்தைகள் இருபத்திரண்டு வயதானபோது தேடிப்போய்ப் பார்த்தார்கள். பேச்சும் விளையாட்டும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பலன் தெரியவில்லை. சாப்பாடு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கண் தெரியாத பாட்டியின் பக்கத்தில் பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குச் சோறு மட்டும் போதாது என்றுதான் அர்த்தம். அங்கன்வாடியில் பாட்டும் கதையும் நாலு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவளுடைய படிப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

பெரியவள் மக்கு இல்லை

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஓரத்தில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள், திட்டினாலும் கேட்பதில்லை." நீங்கள் அதை அடங்காத்தனமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. பச்சரிசி, மண், சாம்பல், சாக்பீஸ் இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய, நம்பகமான அடையாளம். மாதவிலக்குத் தொடங்கிய பெண், விடுமுறை நாளில் உங்களோடு வெறுங்காலில் பூப்பறிக்க வருகிறவள், மதியச் சாப்பாட்டைத் தவறவிடுகிறவள், காலையில் கடுங்காப்பியும் ரஸ்க்கும் மட்டும் சாப்பிடுகிறவள். ரத்தசோகை இல்லையென்றால்தான் ஆச்சரியம்.

ரத்தசோகை உள்ள பிள்ளை சோம்பேறி மாதிரி இருப்பாள். படித்தது நிற்காது, கவனம் சிதறும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அதோடு அவள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். கணக்கு வகுப்பில் தூங்காமல் என்ன செய்வாள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். அவள் வயதுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பெண்கள் அதை ஜன்னல் வழியாக எறிவது எனக்குத் தெரியும். மலம் கறுப்பதில் ஆபத்தில்லை. சாப்பிட்ட பிறகு விழுங்கினால் பிரட்டலும் குறையும். ஆனால் வாரம் ஒரு மாத்திரை வராமல் தடுக்கத்தான். ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தால், மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் சில மாதங்கள் சாப்பிட வேண்டும். எண் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது. பீட்ரூட்டும் பேரீச்சையும் ரத்தம் ஊற வைக்கும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. அதுமட்டும் போதாது. டீ, காப்பியைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கும்.

வெறுங்காலைப் பற்றிச் சொன்னேன். ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே போகும். போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையை மூவருக்கும் தவறவிடாதீர்கள். தோட்டத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்களும்தான்.

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இல்லை. ஆகவே காலையில் வீட்டில் ஏதாவது கிடைத்தாக வேண்டும். இட்லி சுடச் சொல்லவில்லை. இரவுச் சோற்றில் மோர் ஊற்றி, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ அவித்த முட்டையோ போதும். அவளுடைய கண்பார்வையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல் கணக்கு வராத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புரோக்கரின் பத்தாயிரம்

இதில் சுற்றி வளைக்க எதுவுமில்லை. பதினான்கு வயது முடியாத பிள்ளையை எந்த வேலையில் அமர்த்துவதும் குற்றம். 2016இல் சட்டத்தைத் திருத்தி இதைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது, இரவு ஷிப்டில் நிறுத்தக் கூடாது. வயதைக் கூட்டிப் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், சட்டம் தெரிந்துதான் சொல்கிறார். நாளை பிரச்சினை வந்தால் பொய் வயது கொடுத்தவர் தாய்தான் என்று கையைக் காட்டுவார். பிள்ளையின் உழைப்பை அடகு வைத்து முன்பணம் வாங்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் சட்டப்படி செல்லாத கடனைக் காட்டித்தான் பெண்களை விடுதியிலிருந்து வெளியே விடாமல் வைத்திருப்பார்கள். பணத்தைத் தொடாதீர்கள், ஆதார் அட்டையைக் கொடுக்காதீர்கள். அவர் மறுபடி வந்து நெருக்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

"இன்னும் நாலு வருஷத்தில் கட்டிக்கொடுக்க வேண்டியவள்தானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷத்தில் அவளுக்குப் பதினேழு. அதுவும் சட்டப்படி முடியாது. ரத்தசோகையோடு ஒரு பெண் பதினேழில் கர்ப்பமானால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவராக எனக்கு விளக்கிச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தத் தகுதிக்கான ஆண்டுகளில் பாதியை அவள் கிட்டத்தட்டத் தாண்டிவிட்டாள்.

பையனின் பள்ளி

இங்கே நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கட்டணம், வேன், சீருடை எல்லாம் போக, மாதம் நானூறு ரூபாய்க்கு அவனுக்கு மட்டும் மால்ட் பானம் வாங்குகிறீர்கள். விளம்பரத்தில் வரும் பிள்ளை உயரமாக வளர்வது பாலால், பானத்தால் அல்ல. டப்பாவில் பெரும் பங்கு சர்க்கரையும் மால்ட்டும். அதே நானூறு ரூபாயில் ஐம்பது முட்டைக்கு மேல் வாங்கலாம், மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து.

அரசுப் பள்ளிச் சாப்பாடு "ஓசிச் சோறு, பார்ப்பவர்கள் கேவலமாகப் பேசுவார்கள்" என்கிறீர்கள். 1920களில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்கில் மதிய உணவு போட்டது, பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போனதால்தான். 1956இல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். நாடு முழுவதும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவிட்டது. 2013இல் அது சட்டத்திலேயே உரிமையாக எழுதப்பட்டது. அரசுப் பள்ளிக்குப் போனால், தனக்குச் சேர வேண்டியதை உங்கள் பிள்ளை சாப்பிடுவான், அவ்வளவுதான். 2022 முதல் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் உண்டு. நீங்கள் தோட்டத்தில் இருக்கும் நேரத்தில் அவனுக்கு யாரோ சுடச்சுட உப்புமாவோ பொங்கலோ பரிமாறுவார்கள்.

மாற்றிவிடுங்கள் என்று நான் கட்டளை போடவில்லை. தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் தொடக்க வகுப்பில் சேரும்போதுதான் கிடைக்கும். இரண்டாம் வகுப்புக்கு இனி வராது. அரசுப் பள்ளி என்றால் புத்தகம், சீருடை, சாப்பாடு எல்லாம் போக, பின்னால் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் போதும் என்பதால் அதற்கு அவசரம் இல்லை. கடனும் காலைச் சாப்பாடும்தான் அவசரம். ஊர்ப் பள்ளிக்கு ஒருநாள் நேரில் போங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைத் தமிழில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மகனையும் அதே பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்றால் என் யோசனையைத் தள்ளிவிட்டு அவனை இருக்கும் இடத்திலேயே விடலாம்.

கேட்க வேண்டிய பணம்

அலைச்சலுக்குப் பயந்து எதையும் கேட்கவில்லை என்கிறீர்கள். மூன்று இடத்துக்காவது போக வேண்டும். அரசுப் பள்ளி மாணவரின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால், பள்ளிக் கல்வித் துறை வழியாக 75,000 ரூபாய் நிதி உண்டு. பெரியவளின் தலைமையாசிரியரிடம் இதைக் கேளுங்கள். ஆதரவற்ற விதவைகளுக்கான மாத உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரப்படுகிறது. கிராமத்துக்கு வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை பள்ளியில் தொடர்ந்து படிப்பது இதற்கு நிபந்தனை. பெரியவளை நிறுத்தினால் இந்த வழியும் அடைபடும். எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து வரிசை இருக்கும். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளைகளின் படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை நகல் எடுத்து ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக அலைவது பாதி குறையும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. எல்லோரும் சாப்பிட்டது போக மிஞ்சியதைச் சாப்பிடுகிறீர்கள் என்று நானாகவே ஊகிக்கிறேன். சுகாதார நிலையத்துக்குப் பெரியவளைக் கூட்டிப்போகும்போது நீங்களும் விரலை நீட்டிவிட்டு வாருங்கள். இருவருடைய ஹீமோகுளோபின் எண்ணையும், சின்னவளின் கைச்சுற்றளவையும், அடுத்த மாத எடையையும் எழுதி அனுப்புங்கள். எடை நூற்றிருபத்தைந்து கிராம்கூட ஏறவில்லை என்றால், சாப்பாட்டைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் அப்போது தேவைப்படும்.